கிணறில்லாத காணி வழக்கு

சுவிஸ் வாழ் நாவலம்புலம் மக்கள் ஒன்றியத்தின் ஆதனப் பிணக்குத் தீர்வுச் சபை, தொடங்கிய நாள் முதல் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு பிணக்கையும் தீர்த்ததில்லை. இது எதிரிகள் கட்டிவிட்ட கதையல்ல. சபையே தன் ஆண்டறிக்கையில் வருடா வருடம் அச்சிடுகிறது: "எமது தீர்ப்புகளில் ஒன்றுகூட இன்றுவரை பிழையென நிரூபிக்கப்படவில்லை."

சபை பிறந்த கதை சுருக்கமானது. தலைவர் கனகரத்தினமும் செயலாளர் யோகராஜாவும் உடன்பிறந்தவர்கள். ஊரில் தகப்பன் விட்டுப்போன எட்டுப் பரப்புக் காணியில் இருவருக்கும் தகராறு. அதைத் தீர்க்கத்தான் சபையை உண்டாக்கினார்கள். உண்டாக்கிய கையோடு விதிகள் எழுதினார்கள். விதி பதினொன்று, சபை உறுப்பினரின் சொந்த வழக்கைச் சபை விசாரிக்கக் கூடாது என்றது. இருவரில் ஒருவர் பதவி விலகினால் வழக்கை அன்றைக்கே எடுத்துவிடலாம். மற்றவர் விலகட்டும் என்று இருவரும் பத்தொன்பது வருடமாகச் சொல்லிவருகிறார்கள். நேரே அல்ல, அவர்கள் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. கூட்டக் குறிப்பேட்டின் வழியாகச் சொல்கிறார்கள்.

இந்தச் சபைக்குத்தான் தயாபரன் தன் மனைவியின் காணியைக் கொண்டுபோனான்.

தயாபரன் பீல் நகரில் ஒரு கைக்கடிகாரத் தொழிற்சாலையில் முள் பொருத்துகிறவன். மனைவி மரிசெல் பிலிப்பீன்ஸ்காரி, முதியோர் இல்லத்தில் வேலை. கலியாணம் கட்டிப் பதினான்கு வருடம். அந்தக் காலத்தில் அவள் தமிழ் முழுவதையும் கற்றுக்கொண்டாள். அவன் அவளுடைய மொழியில் சாப்பாட்டுப் பெயர்களைக் கற்றுக்கொண்டான்.

காணி, மணிலாவுக்குத் தெற்கே பத்தாங்காஸ் கடலோரம். ஒரு ஹெக்டேயர் தென்னந்தோப்பும் ஒரு வீடும். தகப்பன் இறந்த பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் பொது. மூத்தவர் ரொலாந்தோ, சுவிஸில் சூக் நகரில் சமையல்காரர், விற்கவேண்டும் என்றார். நடுவிலாள் லூர்தஸ் விற்கவிடமாட்டேன் என்றாள். அவள் குடியிருப்பதே அந்த வீட்டில்தான். தகப்பன் பதினொரு வருடம் படுக்கையில் கிடந்தபோது பார்த்தவளும் அவள்தான். கடைசிப்பெண் மரிசெல் ஒன்றும் சொல்லவில்லை.

கேட்டு வந்தது ஒரு ஹோட்டல் கம்பனி. நவம்பர் முடியுமட்டும் காத்திருப்போம், அதற்குப் பிறகு பக்கத்துக் கடற்கரைக்குப் போய்விடுவோம் என்று எழுதியிருந்தார்கள். மூவரில் இருவர் கையெழுத்துப் போட்டால் மூன்றாமவரை நீதிமன்றத்தில் வைத்துப் பிழிந்து எடுத்துவிடலாம் என்று ரொலாந்தோவின் வக்கீல் சொல்லியிருந்தார். ஆகவே முழுக் காணியும் மரிசெல்லின் பேனா முனையில் நின்றது. அவள் கையெழுத்திட்டால் அக்கா வீட்டைவிட்டு எழும்பவேண்டும். இடாவிட்டால், தன்னைப் படிப்பித்து, விமானச்சீட்டு எடுத்து சுவிஸுக்குக் கூப்பிட்ட அண்ணனின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்லவேண்டும். அவர்கள் பக்கத்தில் அப்படிச் சொல்லும் தங்கை இன்னும் பிறக்கவில்லை.

வாங்க மனமில்லாதவன் துணியில் குறை சொல்வான். விற்க மனமில்லாதவன் விலையை ஏற்றுவான். இல்லை என்று சொல்லத் தெரியாத ஆள், சாமானைத் தூக்கிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைக்கும். மரிசெல் அண்ணன் கொடுத்த விற்பனைப் பத்திரத்தை மூன்று மாதமாகக் கரண்டி லாச்சியில் வைத்திருந்தாள். சோறு போடக் கரண்டிக்கு இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அதை ஒருதரம் பார்ப்பாள்.

"அக்கா இன்னும் போன் எடுக்கேல்லையோ?" என்று தயாபரன் கேட்டான்.

"இல்லை. எட்டு மாசம். நான் கூயாவோட சேந்திட்டன் எண்டு நினைக்கிறா." கூயா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன்.

"சேரேல்லை எண்டு சொல்லிவிடன்."

"சொன்னா கூயாவுக்குத் தெரிஞ்சிடும்."

"அப்ப கூயாவிட்டையே சொல்லு."

மரிசெல் கரண்டியைக் கீழே வைத்தாள். "பதினாலு வருசம். நீங்கள் ஆரைக் கட்டினனீங்கள் எண்டு உங்களுக்கு இன்னும் தெரியாது."

அவளுக்காக யாராவது ஒருவர் 'இல்லை' என்று சொன்னால் போதும் என்பது தயாபரனுக்கு விளங்கியது. பதினான்கு வருடம் தவறாமல் சந்தா கட்டிய ஒன்றியம் ஞாபகத்துக்கு வந்தது.

ரொலாந்தோவும் உடனே சம்மதித்தார். பிலிப்பீன்ஸிலும் காணிச் சண்டை முதலில் ஊர்ச் சபைக்குத்தான் போகும், அங்கே அரைநாளில் முடித்துவிடுவார்கள் என்றார். தமிழர்களுக்கும் அப்படி ஒன்று இருப்பது அவருக்கு மகிழ்ச்சியாக இருந்தது. சபை என்ன சொன்னாலும் கட்டுப்படுவேன் என்று கடிதமும் கொடுத்தார்.

விண்ணப்பப் படிவம் ஒன்பது பக்கம். காணிக்கு வேலி கதியாலா, கிடுகா, மதிலா? கிணறு பங்குக் கிணறா, தனிக் கிணறா? துலாவில் யாருக்கு எந்த நாள் முறை? பனை எத்தனை, அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை? ஒரு ஹெக்டேயரைப் பரப்பாக மாற்றத் தயாபரனுக்கு ஒரு மாலை போயிற்று. நாற்பது பரப்புக்குச் சொட்டுக் குறைவாக வந்தது. கிணறு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினான். அது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

செப்டெம்பர் முதல் ஞாயிறு, வாடகைக்கு எடுத்த தேவாலய மண்டபத்தில் முதல் அமர்வு. இரண்டு மணிக்குத் திறப்பு. ஐந்து மணிக்குக் கூட்டித் துடைத்துச் சாவி கொடுக்கவேண்டும். மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, சபையின் பத்தொன்பது ஆண்டுப் பணி குறித்த ஆய்வுரை. ரொலாந்தோவுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். யாருக்கோ போகவேண்டியது தவறி வருகிறது என்று எண்ணி அவர் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் போர்த்தினார்கள்.

தலைமையுரையில் கனகரத்தினம் சொன்னார்: "ஒரு வழக்கை ஒரே நாளில தீர்க்கிறது பெரிய விசயமில்லை. அதைக் கோட்டுக்காரனும் செய்வான். நாங்கள் வழக்கை மதிக்கிறம். மதிக்கிற சாமானை அவசரப்பட்டு முடிக்கேலாது."

செயலாளர் யோகராஜா தலை நிமிராமல் எழுதினார். எழுதியதை வாய்விட்டு வாசித்தார்: "தலைவர் இவ்வாறு கூறினார். செயலாளர் அதனோடு உடன்படவில்லை."

"குறிப்பேட்டுக்குச் சொல்லுறன்," என்றார் கனகரத்தினம் கூரையைப் பார்த்து, "உடன்படாததுக்குக் காரணம் என்ன?"

"குறிப்பேடு பதில் சொல்லுது. காரணம் அடுத்த அமர்வில."

மணி நான்கரை. விளக்குமாறுகள் வந்தன. ரொலாந்தோ பொன்னாடையைத் தோளில் போட்டபடி மண்டபத்தின் பாதியைக் கூட்டினார். நல்ல கூட்டம், ஆனால் வழக்கு எப்போது தொடங்கும் என்று தயாபரனிடம் ஜெர்மனில் கேட்டார். தொடங்கிவிட்டது என்றான் தயாபரன். அவனுக்கும் அது நிச்சயமில்லை.

ஒக்டோபர் அமர்வில் கிணறு பிடிபட்டது.

"கிணறு இல்லை எண்டு போட்டிருக்கு," என்றார் கனகரத்தினம். "தம்பி தயாபரன், இது எழுத்துப்பிழையோ?"

"இல்லை அண்ணை. அங்க குழாய்த் தண்ணி."

"அப்ப கிணத்துப் பங்குக்கு ஆரோட சண்டை?"

"கிணத்துக்குச் சண்டையில்லை அண்ணை. அண்ணன் விற்கச் சொல்லுறார். அக்கா அதில குடியிருக்கிறா. அவ எங்க போறது எண்டதுதான்..."

"வழிவாய்க்கால்?"

"அதிலயும் பிரச்சினை இல்லை."

"பூவரசு?"

"பூவரசு இல்லை அண்ணை."

கனகரத்தினம் படிவத்தை மூடினார். சபைக்குப் பிரிவுகள் நான்கு: கிணறு, வேலி, பாதை, மரம். அண்ணன் விற்கிறான், அக்கா தெருவுக்கு வருகிறாள் என்பதற்குப் பிரிவு கிடையாது. முக்கால் மணி நேர விவாதத்துக்குப் பிறகு, தென்னை இருப்பதால் மரப் பிரிவின் கீழ் விசாரிக்கலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். செயலாளரின் ஆட்சேபணை பதிவானது.

அடுத்தது காணியை நேரில் பார்ப்பது. மூன்று உறுப்பினர்கள் பத்தாங்காஸ் போய்வர வேண்டும் என்றார் தலைவர். செலவை யார் கொடுப்பது என்று தயாபரன் கேட்டான். அதன்பின் செயற்கைக்கோள் படமே போதும் என்று முடிவாயிற்று. படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டார்கள். கனகரத்தினம் தடியால் கோடு காட்டினார். வடக்கு எல்லையில் அயலவன் குறைந்தது ஆறு முழம் உள்ளே வந்திருப்பதை அவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். பத்தொன்பது வருட அனுபவம் அப்படி. அயலவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதி, சபையின் வட்ட முத்திரை குத்தும்வரை மரிசெல் பொறுத்திருந்தாள்.

"ஐயா, அது எங்கட காணி இல்லை. அது பள்ளிக்கூடம். எங்கட காணி இங்கால."

"பள்ளிக்கூடம் எண்டாலும்," என்றார் கனகரத்தினம், "ஆறு முழம் ஆறு முழந்தான்."

கடிதம் தலைமையாசிரியருக்குப் போயிற்று.

வெளியே வந்ததும் ரொலாந்தோ பொறுமை இழந்தார். நல்ல மனிதர், முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன, ஐம்பத்தெட்டு வயதில் அடுப்படியில் நின்றது போதும், விற்று வரும் பங்கில் ஊருக்குப் போய் இருக்கவேண்டும் என்பதுதான் அவர் ஆசை. பேருந்துத் தரிப்பிடத்தில் தங்கையிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். மரிசெல் நிலத்தைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"என்னவாம்?" என்று தயாபரன் பிறகு கேட்டான்.

"அடுத்த முறை முடியாட்டி பேனையோட வாறாராம்."

"நீ என்ன சொன்னனீ?"

"ஓம் எண்டன். வேற என்னத்தைச் சொல்ல?"

நவம்பர் முதல் ஞாயிறு. கம்பனியின் கெடுவுக்கு இன்னும் நான்கு கிழமைக்கும் குறைவு. ரொலாந்தோ சொன்னபடி பேனாவோடு வந்து முன்வரிசையில் இருந்தார். பத்திரம் கரண்டி லாச்சியிலிருந்து மரிசெல்லின் கைப்பைக்கு மாறியிருந்தது. அன்றைக்குத் தீர்ப்பு வராவிட்டால் அவள் ஒப்பமிட்டுவிடுவாள் என்று தயாபரனுக்குத் தெரிந்தது. மேலங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் எழுந்தார். "இந்த வழக்கில எங்களுக்குப் பெரிய சங்கடம். கிணறில்லை, வேலியில்லை, எல்லாப் பக்கமும் நியாயம் கிடக்கு. நியாயம் ஒரு பக்கம் இருந்தா நாங்கள் மற்றப் பக்கத்தைச் சமாதானம் பண்ணுவம். எல்லாப் பக்கமும் இருந்தா என்ன செய்யிறது? ஆகையால் சட்ட ஆலோசகரைக் கேட்கிறன்."

சட்ட ஆலோசகர் சாருஜா. ஃப்ரிபூர்க்கில் சட்டம் படிக்கிறாள், இரண்டாம் வருடம். தகப்பன் வராத ஒரு கூட்டத்தில் அவர் மகளை ஆலோசகராக நியமித்துவிட்டார்கள். இரண்டு வருடத்தில் இன்றுதான் முதல் தடவையாக அவளிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அவள் அதை நம்பாமல் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"நான் தேசவழமையைப் பாத்தனான்," என்றாள். தேசவழமை என்பது ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் ஏறிய யாழ்ப்பாணத் தமிழரின் பழைய சொத்துச் சட்டம். "அதில ஒரு விசயம் கிடக்கு. அந்தச் சட்டத்துக்கு உட்படாத ஒரு பொம்பிளை, உட்பட்ட ஆம்பிளையைக் கலியாணம் கட்டினா, அந்தக் கலியாணம் இருக்கும்வரைக்கும் அவவும் உட்பட்டவ. அப்பிடிப்பட்ட மனைவி காணி பூமி விற்கிறதெண்டா, புருசன் எழுத்தில சம்மதம் தரவேணும்."

"ஆஹா," என்றார் கனகரத்தினம்.

"ஆனா இது பிலிப்பீன்ஸ் காணிக்குச் செல்லாது. இங்கயும் செல்லாது. அதோட, என்னைக் கேட்டா, இது ஒரு—"

"பிள்ளை, உம்மைக் கேட்டது சட்டத்தை. செல்லுமோ செல்லாதோ எண்டது அமல்படுத்திறவையின்ர வேலை. நாங்கள் தீர்ப்புச் சொல்லுறவை. பத்தொன்பது வருசமா ரெண்டையும் கலக்காமல் வைச்சிருக்கிறபடியால்தான் எங்களுக்கு இண்டைக்கும் ஒரு கெட்ட பேரும் இல்லை."

"தலைவர் கூறியது சரி," என்று எழுதினார் யோகராஜா. எழுதியதைத் தானே ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு 'இம்முறை' என்று இடையில் ஒரு சொல் செருகினார்.

மரிசெல் கையை உயர்த்தினாள். "ஐயா, எனக்கு விளங்கேல்லை. என்ர அப்பான்ர காணியை நான் விற்க, இவர் சம்மதிக்கவேணுமோ?"

"ஓம் பிள்ளை."

"இவர் தன்ர காணியை விற்க, நான் சம்மதிக்கவேணுமோ?"

சாருஜா புத்தகத்தைப் பார்த்தாள். "இல்லை அக்கா."

"இது பொம்பிளையளைப் பாதுகாக்கத்தான் அம்மா," என்றார் கனகரத்தினம். "ஒரு பொம்பிளை தனிய நிண்டு முடிவெடுத்து ஏமாறக்கூடாது எண்டு எங்கட முன்னோர் யோசிச்சிருக்கினம். என்ர மனிசிக்கு ஊரில ரெண்டு வீடு. ஒண்டைக்கூட இதுவரைக்கும் விற்கவிடேல்லை. அவ்வளவு பாதுகாப்பு."

மரிசெல் எழுந்தாள். மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டாள்.

"இவர் சம்மதிக்காட்டி காரணம் சொல்லவேணுமோ?"

"காரணம் சொல்லவேணும் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை," என்றாள் சாருஜா. புத்தகத்திலிருந்து தலையை எடுத்தாள். மரிசெல்லைப் பார்த்தாள். "உண்மையா ஒரு இடத்திலயும் இல்லை அக்கா."

"இதை எழுத்தில தருவீங்களோ? முத்திரையோட?"

சபை திகைத்தது. பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் தீர்ப்பை எழுத்தில் கேட்டதில்லை. முத்திரை மை காய்ந்துவிடுமோ என்று பயந்தவர் போல் யோகராஜா அவசரமாக எழுதினார். கனகரத்தினம் ஒப்பமிட்டார். சாருஜா முழுவதையும் ரொலாந்தோவுக்கு ஜெர்மனில் மொழிபெயர்த்தாள். செல்லாது என்ற பகுதியை அவள் மொழிபெயர்க்கவில்லை. அவளைக் கேட்டது சட்டத்தை.

ரொலாந்தோவின் முகம் மெல்ல மெல்ல இறுகியது. எழுந்து தயாபரனுக்கு முன்னால் வந்து நின்றார். தங்கை முடியாது என்றிருந்தால் அழுதிருப்பார், சத்தம் போட்டிருப்பார், இறந்த தாயைக் கூப்பிட்டிருப்பார். ஆனால் இது வேறு வீட்டு ஆண்பிள்ளையின் வாசல். அதற்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவர் ஊரிலும் அளவு உண்டு.

"நீ சம்மதிப்பாயா?" என்று கேட்டார்.

தயாபரன் மரிசெல்லைப் பார்த்தான். அவள் அடக்கமான மனைவியைப் போல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சப்பாத்து அவன் கால்பெருவிரலின் மேல் முழுப் பாரத்தோடு நின்றது.

"இல்லை," என்றான். வலியில் குரல் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக வந்தது.

"ஏன்?"

"சொல்லத் தேவையில்லை."

ரொலாந்தோ தங்கையின் பக்கம் திரும்பினார். மரிசெல் கைகளை விரித்தாள். எனக்கு விருப்பந்தான் கூயா, என் கையில் என்ன இருக்கிறது, இவர்களுடைய சட்டம் இப்படி, என்று அந்தக் கைகள் சொல்லின. அவர் அவள் தலையைத் தடவினார். இப்படி ஒருவனுக்கா உன்னைக் கொடுத்தேன் என்பதுபோல் இருந்தது. தயாபரனுக்குக் கை கொடுக்காமல் வெளியே போனார். போகும்போது பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

கனகரத்தினம் எழுந்து, சபையின் வரலாற்றில் முதலாவதாகத் தீர்க்கப்பட்ட வழக்கு என்று அறிவித்தார். கைதட்டல். வழக்கு உண்மையில் தீர்ந்துவிட்டதா என்று செயலாளர் ஆட்சேபித்தார். தீர்ந்ததா இல்லையா என்பதை ஆராய ஓர் உபகுழு அமைத்தார்கள். தயாபரனும் மரிசெல்லும் மண்டபத்தைக் கூட்டிவிட்டு வெளியேறினார்கள்.

பேருந்தில் மரிசெல் அக்காவுக்குத் தீர்ப்பைப் படமெடுத்து அனுப்பினாள். இரண்டு தரிப்பிடம் கடந்ததும் தொலைபேசி அடித்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு அக்காவும் தங்கையும் கதைத்தார்கள். முதலில் இருவரும் அழுதார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். தயாபரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் பெயர் மட்டும் அடிக்கடி வந்தது. நல்ல தொனியில் வந்ததாகத் தெரியவில்லை.

மரிசெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை வைத்தாள்.

"என்ன சொல்லுறா?"

"நீங்கள் மிச்சம் கெட்ட மனிசனாம். ஊர் முழுக்க அப்பிடித்தான் சொல்லப்போறாவாம், அப்பதான் கம்பனிக்காரன் திரும்பிக் கேட்டு வரமாட்டானாம். டிசம்பரில நத்தார்ப் பண்டிகைக்கு வரச்சொல்லுறா. உங்களுக்கெண்டு ஒரு பண்டி வளர்க்கிறாவாம்."

"அண்ணரும் வருவாரோ?"

"வருவார். ரெண்டு கிழமை நிப்பார்." மரிசெல் அவன் முகத்தை வியாபாரி துணியைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு கிழமையும் நீங்கள் சிரிக்கக்கூடாது. எனக்கு ஒண்டுக்கும் சம்மதிக்கக்கூடாது. ஒருநாள் சிரிச்சீங்களெண்டா அக்கான்ர வீடு போச்சு. உங்களால ஏலுமோ?"

"ஏலும்."

"காட்டுங்கோ பாப்பம்."

தயாபரன் புருவத்தை நெரித்தான்.

"காணாது. அது பல்லுக்கொதி மாதிரிக் கிடக்கு. இன்னும்."

தயாபரன் பல்லைக் கடித்து, கன்னத்தை இறுக்கி, நேரே பார்த்து முறைத்தான். எதிர் இருக்கையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுதான்," என்றாள் மரிசெல். "இப்பிடியே வீடுமட்டும் வாங்கோ."